30 புதியவர்களுக்கு ரோல்பிளேயிங் கேம் நடத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் என்றால் சுருக்கமாக இதுதான்: ஒரு மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருகிறார்கள். ஒருவர் கேம் மாஸ்டர், அதாவது ஜிஎம். சூழ்நிலையைச் சொல்கிறவர் அவர். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு கதாபாத்திரம். "நீங்க என்ன பண்றீங்க?" என்று ஜிஎம் கேட்பார், தன் பாத்திரம் என்ன செய்கிறது என்று ஒவ்வொருவரும் சொல்வார்கள். எப்படியும் முடியலாம் என்ற கட்டத்தில் பகடை உருளும். கதை எங்கே போய் நிற்கும் என்று ஜிஎம் உட்பட யாருக்கும் தெரியாது.

நான்கு நண்பர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது சுலபம். கல்லூரி விழா, நூலகத்தின் கோடை முகாம், அலுவலகத்தில் ஒரு சனிக்கிழமை, அடுக்ககத்தின் சமுதாயக் கூடம் என்று 25, 30 பேர் ஒரே நேரத்தில் வந்து உட்காரும்போதுதான் திணறிப்போகிறோம். அவர்களில் பெரும்பாலோர் இப்படி ஒரு விளையாட்டைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த 3 மணி நேரம் பிடித்துவிட்டால் வருஷக்கணக்கில் விளையாடுவார்கள். சலித்துவிட்டால் 'இது நமக்கு ஒத்துவராது' என்று முடிவு கட்டிவிடுவார்கள். அப்புறம் அவர்களைத் திரும்ப அழைத்து வருவது ரொம்பக் கஷ்டம். எனக்கு இந்த விளையாட்டு மேல் இருக்கும் பிரியத்தில், அப்படி யாரும் திரும்பிப் போகக்கூடாது என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

## முதலில் காத்திருக்கும் நேரத்தைக் கணக்குப் போடுங்கள்

புதியவர் ஒருவர் தன் முறை வரும்போது யோசித்து, ஒரு சந்தேகம் கேட்டு, பகடை உருட்டி, விளைவைக் கேட்டு முடிக்க 2 நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் 5 பேர் இருந்தால், ஒருவர் முடித்துவிட்டு மறுபடி தன் முறைக்கு 8 நிமிடம் காத்திருக்க வேண்டும். 10 பேர் என்றால் 18 நிமிடம். 3 மணி நேரத்தில் முதல் மேசையில் ஒவ்வொருவருக்கும் 18 முறை கிடைக்கும். இரண்டாவது மேசையில் 9 முறைதான், அதுவும் எங்கேயும் தடங்கல் இல்லாமல் போனால்.

18 நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பவர் போனை எடுக்கத்தான் செய்வார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெரிய கூட்டத்துக்கு ஆட்டம் நடத்தும்போது விதிகள் புரியாததால் கெட்டுப்போவது குறைவு. காத்திருந்து காத்திருந்து ஆர்வம் வடிந்துபோவதுதான் அதிகம். இந்த வழிகாட்டியில் வரும் அநேக யோசனைகள் அந்தக் காத்திருப்பைக் குறைப்பதற்கானவைதான்.

அதனால் மேசைக்கு 4 அல்லது 5 பேர். 6 பேர் வரை சமாளிக்கலாம். 7 பேர் ஆகிவிட்டால் யோசிக்காமல் இரண்டாகப் பிரித்துவிடுங்கள். 3 பேர் மேசை பிரமாதமாக ஓடும். 30 பேர் என்றால் 6 மேசை, 6 ஜிஎம், அதற்கு மேல் எந்த மேசையிலும் உட்காராமல் கூடத்தைச் சுற்றிவரும் ஒரு ஒருங்கிணைப்பாளர். தாமதமாக வருகிறவரை உட்கார வைப்பது, ஒரு ஜிஎம் திணறினால் பக்கத்தில் போய் நிற்பது, நேரம் அறிவிப்பது எல்லாம் அவர் வேலை. ஏற்பாடு செய்கிறவர் நீங்கள் என்றால் அந்த இடம் உங்களுக்குத்தான். உங்களுக்கும் விளையாட ஆசையாக இருக்கும், தெரியும். ஆனாலும் இந்த ஒருநாள் உட்காராதீர்கள்.

இந்த வகை ஆட்டங்களுக்கு முன்னோடி 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்', சுருக்கமாக 'டி அண்ட் டி'. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட அதன் முதல் பதிப்பு, 4 முதல் 50 பேர் வரை ஆடலாம், ஏறத்தாழ 20 பேருக்கு ஒரு நடுவர் போதும் என்று சொன்னது. இதைக் காட்டி 'அப்போ 20 பேரை ஒரே மேசையில் வைத்தால் என்ன?' என்று யாராவது கேட்கலாம். அந்தக் கணக்கு மாதக்கணக்கில் ஓடும் ஒரு தொடர் ஆட்டத்துக்கு, அதாவது காம்பெயினுக்குச் சொன்னது. இன்று வருகிறவர் நாளை வரமாட்டார் என்ற நிலையில் மொத்தப் பட்டியல் அவ்வளவு பெரிதாக இருக்கலாம். ஒரே மதியத்தில் வந்து உட்காரும் 20 புதியவர்களுக்கு அது பொருந்தாது.

## ஜிஎம்களைத் தயார் செய்வது

மொத்த வேலையில் பாதி இதுதான். இங்கே அவசரப்பட்டால் மற்றதெல்லாம் வீண்.

ஆறு ஜிஎம்களுக்கு எங்கே போவது? இரண்டு, மூன்று தடவை விளையாடியவரே போதும். நன்றாகப் பேசுகிறவரைவிட நன்றாகக் காது கொடுத்துக் கேட்கிறவரைத் தேடுங்கள். மேடைப் பேச்சாளர் தன் வர்ணனையிலேயே லயித்துவிடுவார். எதிரே 5 பேர் வாய் திறக்காமல் ரசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அது கதாகாலட்சேபம் ஆகிவிடும். ஆசிரியர்கள், கூத்து, நாடகப் பழக்கம் உள்ளவர்கள், வீட்டில் குழந்தைகளோடு விளையாடிப் பழகியவர்கள் இதற்கு நன்றாகப் பொருந்துவார்கள்.

நிகழ்வுக்கு முன் இரண்டு ஒத்திகை வையுங்கள். முதல் ஒத்திகையில் அன்று ஆடப்போகும் அதே சாகசத்தை நீங்கள் நடத்துங்கள், வருங்கால ஜிஎம்கள் எல்லோரும் விளையாடுகிறவர்களாக உட்காரட்டும். கதையைத் தாளில் படித்தவருக்கும் அதற்குள் போய்வந்தவருக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இரண்டாவது ஒத்திகையில் ஒவ்வொருவரும் 15 நிமிடம் நடத்தட்டும். மற்றவர்கள் வேண்டுமென்றே சிரமமான ஆட்களாக நடிக்க வேண்டும்: வாயே திறக்காத ஒருவர், எதற்கெடுத்தாலும் விதி கேட்கும் ஒருவர், எல்லாவற்றுக்கும் தீ வைக்கும் ஒருவர். இந்த மூவரையும் ஒருமுறை பார்த்துவிட்ட ஜிஎம், நிஜ நாளில் பதற மாட்டார்.

ஒத்திகையில் பழக வேண்டியவை மூன்று. வர்ணனை மூன்று வாக்கியத்துக்குள் முடிய வேண்டும். ஒவ்வொரு வர்ணனையும் ஒருவர் பெயரைச் சொல்லிக் கேட்கும் கேள்வியில் முடிய வேண்டும். விதி மறந்துபோனால் புத்தகத்தைப் புரட்டாமல் நியாயமாகப் பட்டதைச் சொல்லிவிட்டு நகர வேண்டும். இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்று பாருங்கள். கலங்கரை விளக்கத்தின் கதவருகே ஒரு காட்சி:

ஜிஎம்: "கதவு உள்ளே பூட்டியிருக்கு. மாடிப்படியில யாரோ மெதுவா நடக்கிற சத்தம் கேட்குது. மீனா, நீங்கதான் கதவுக்குப் பக்கத்துல நிக்கிறீங்க. என்ன பண்றீங்க?"

மீனா: "தெரியலையே அண்ணா... கதவைத் தட்டலாமா?"

ஜிஎம்: "சரி, தட்டுறீங்க. தட்டினதும் அந்தக் காலடிச் சத்தம் நின்னுபோச்சு. ரஃபி, நீங்க நிமிர்ந்து பார்க்கிறீங்க, மேல ஜன்னல்ல ஒரு நிழல். உங்களையே பார்க்கிற மாதிரி இருக்கு."

ரஃபி: "நான் சுவர்ல ஏறி அந்த ஜன்னலுக்குப் போறேன்."

ஜிஎம்: "மழையில சுவர் வழுக்குது, விழுந்தா நல்லா அடிபடும். 2 பகடை உருட்டுங்க. ஏறுறதுல நீங்க கெட்டிக்காரர், அதனால 1 சேர்த்துக்குங்க."

ரஃபி: "7... ஒண்ணு சேர்த்தா 8."

ஜிஎம்: "ஜன்னல் விளிம்பைப் பிடிச்சிட்டீங்க. ஆனா இடுப்புல இருந்த கயிறு நழுவிக் கீழ விழுந்துடுச்சு. மீனா, கயிறு உங்க காலடியில கிடக்கு, மேல ரஃபி தொங்கிட்டிருக்கார். இப்ப என்ன பண்றீங்க?"

'தட்டலாமா?' என்று மீனா அனுமதிதான் கேட்டார். ஜிஎம் அதை அனுமதியாக எடுத்துக்கொள்ளாமல் நடந்த செயலாகவே ஆக்கிவிட்டார், உடனே உலகம் அதற்குப் பதில் சொன்னது. புதியவருக்கு விளையாட்டு பிடிபடுவது அந்த நொடியில்தான். கதவைத் தட்டப் பகடை தேவைப்படவில்லை. சுவர் ஏறத் தேவைப்பட்டது. விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் உருட்டுவதற்கு முன்பே சொல்லியாயிற்று. கடைசியாக, ரஃபிக்கு நேர்ந்த சிக்கலே மீனாவின் அடுத்த முறையாகிவிட்டது. யாரும் வரிசையில் காத்திருக்கவில்லை. இந்தப் பரிமாற்றத்தை ஜிஎம்கள் மனதில் பதித்துக்கொண்டால் போதும்.

## எந்த ஆட்டத்தைத் தேர்ந்தெடுப்பது

வருகிறவர்கள் 'டி அண்ட் டி' என்ற பெயரைக் கேட்டு, அதற்காகவே வருகிறார்கள் என்றால் அதையே கொடுங்கள். ஆசையோடு வந்தவருக்கு வேறொன்றைக் கொடுப்பது நியாயமில்லை. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் எஸ்ஆர்டி 5.1 என்ற பெயரில் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டன. இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், மொழிபெயர்க்கலாம். சொல்லிக்கொடுக்க வேண்டியதும் ஒரே வரிதான்: 20 பக்கப் பகடையை உருட்டி, ஷீட்டில், அதாவது பாத்திரத்தின் விவரத் தாளில், உள்ள எண்ணைக் கூட்டு, ஜிஎம் மனதில் வைத்திருக்கும் எண்ணை எட்டினால் வெற்றி. சுலபமான காரியத்துக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கடினமானதற்கு 20. நல்ல யோசனை சொன்னால் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாதிக்குப் பாதியாக இருந்த வாய்ப்பு 75 சதவீதமாகிவிடும்.

குறிப்பிட்ட எதிர்பார்ப்பு இல்லாத கூட்டத்துக்கு இதைவிடச் சிறிய ஆட்டங்களே சிறந்தவை என்பது என் கருத்து. ஜான் ஹார்ப்பர் 2013-இல் எழுதிய 'லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்' ஒரே பக்கம்தான். உங்கள் பாத்திரத்துக்கு 2 முதல் 5 வரை ஒரே ஒரு எண். அறிவையும் நுட்பத்தையும் வைத்துச் செய்யும் காரியம் என்றால் பகடை அந்த எண்ணுக்குக் கீழே விழ வேண்டும். உணர்ச்சியாலும் வேகத்தாலும் செய்தால் மேலே விழ வேண்டும். விண்வெளிக் கதைக்காக எழுதப்பட்டது, எந்தக் கதைக்கும் மாற்றிக்கொள்ளலாம். கிராண்ட் ஹோவிட்டின் 'ஹனி ஹெய்ஸ்ட்' இன்னொரு ஒருபக்க ஆட்டம். அதில் எல்லோரும் கரடிகள், தேன் திருட வந்திருக்கிறார்கள். குழந்தைகள் அதிகம் இருந்தால் அதையே எடுங்கள்.

மேலே பார்த்த காட்சியில் பயன்பட்டது மூன்றாவது வகை. சாதாரணப் பகடை 2. 6 அல்லது அதற்குக் கீழ் வந்தால் சிக்கல், 7 முதல் 9 வரை வந்தால் நினைத்தது நடக்கும் ஆனால் ஒரு விலை உண்டு, 10 அல்லது அதற்கு மேல் வந்தால் முழு வெற்றி. 2010-இல் வந்த 'அபாகலிப்ஸ் வேர்ல்ட்' வழியாகப் பரவிய முறை இது. எதுவும் கூட்டாமல் உருட்டினால் சிக்கல் 42 சதவீதம், விலையோடு வெற்றி 42, முழு வெற்றி 17. ஒன்று கூட்டினால் 28, 44, 28 என்று மாறும். புதியவர்கள் அடிக்கடி தோற்றுப்போவது நல்லதல்ல, அதனால் பாத்திரத்துக்குக் கைவந்த காரியம் எதற்கும் தாராளமாக 1 கூட்டிக் கொடுங்கள்.

இந்த முறையில் ஒரு கஷ்டம் உண்டு. பாதிக்குக் கொஞ்சம் குறைவான தடவை ஜிஎம் 'விலை' என்ன என்று அங்கேயே யோசித்துச் சொல்ல வேண்டும். புது ஜிஎம் நான்காவது தடவையில் காய்ந்துபோவார். அவருடைய தாளின் ஓரத்தில் ஆறு விலைகளை முன்கூட்டியே எழுதிவையுங்கள்: ஒரு பொருள் தொலைகிறது, சத்தம் கேட்டுவிடுகிறது, நேரம் வீணாகிறது, கூட இருப்பவர் ஆபத்தில் மாட்டுகிறார், ஒரு பொய் சொல்ல வேண்டியதாகிறது, லேசான காயம். தோன்றாவிட்டால் ஒரு பகடையை உருட்டி அதிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும்.

சாதாரணப் பகடை என்பதால் செலவும் குறைவு. மேசைக்கு 4 பகடை, 6 மேசைக்கு 24; லூடோ விற்கும் எந்த ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும். போனில் பகடை ஆப் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் மேசை நடுவில் பகடை உருளும்போது 5 பேரும் குனிந்து பார்க்கிறார்கள். போனில் உருட்டினால் ஒருவர் மட்டும்தான் பார்க்கிறார்.

## சாகசத்தை எழுதுவது

3 மணி நேரத்தில் முடியும் தனிக்கதை, அதாவது ஒன்-ஷாட், ஒரே இடத்தில் நடக்க வேண்டும், ஒரு கெடு இருக்க வேண்டும், கடைசியில் சரி தவறு சொல்ல முடியாத ஒரு முடிவை அவர்கள் எடுக்க வேண்டும். நீங்கள் எழுத வேண்டியது இரண்டு பக்கம், அதற்கு மேல் வேண்டாம்.

ஒரு மாதிரி: சின்னத் தீவு. இரண்டு இரவுகளாகக் கலங்கரை விளக்கம் எரியவில்லை. இன்று நள்ளிரவில் 200 பேரோடு ஒரு கப்பல் பாறைகளைத் தாண்டி வரவேண்டும். விளையாடுகிறவர்கள் தீவுக்காரர்கள், விளக்கை ஏற்ற அனுப்பப்பட்டவர்கள். முதல் தடை, கடல் ஏறிப் பாதை மூழ்கியிருக்கிறது. இரண்டாவது, பூட்டிய கதவும் உள்ளே காலடிச் சத்தமும். மூன்றாவது, மேலே விளக்கறையில் விளக்குக் காவலரே உட்கார்ந்திருக்கிறார். அவர்தான் அணைத்தவர். போன வருஷம் இதே கொடியோடு வந்த கப்பல் தன் மகளைப் பிடித்துக்கொண்டு போனது என்கிறார். வருவது பயணிகளா, ஆள்பிடிக்கிறவர்களா? விளக்கை ஏற்றுவதா, வேண்டாமா?

இதில் சண்டை கட்டாயமில்லை. விடையும் உங்களிடம் இல்லை. மேசை எதைத் தேடிக் கண்டுபிடிக்கிறதோ அதை வைத்து ஜிஎம் தீர்மானிப்பார். முக்கியமான துப்பு எதையும் ஒரே பகடை வீச்சுக்குப் பின்னால் மறைத்து வைக்காதீர்கள். அந்த வீச்சு தோற்றால் கதை அங்கேயே நின்றுவிடும். ஒரே செய்தி மூன்று இடங்களில் கிடைக்கும்படி எழுதுங்கள்.

## பாத்திரங்களை முன்பே எழுதி வையுங்கள்

புதியவர்களை உட்கார வைத்துப் பாத்திரம் உருவாக்கச் சொன்னால் முதல் ஒரு மணி நேரம் போய்விடும். தயாராக எழுதிய ஷீட்டுகளைக் கொடுங்கள், 5 பேர் மேசைக்கு 6 ஷீட், கடைசியில் எடுப்பவருக்கும் தேர்வு இருக்கட்டும். அரை ஏ4 தாள், பெரிய எழுத்து. அதில் இருக்க வேண்டியவை: பெயர், யார் என்று ஒரு வரி, கைவந்த காரியங்கள் மூன்று, கையில் உள்ள பொருள் ஒன்று, இடது பக்கம் உட்கார்ந்திருப்பவரோடு ஒரு உறவு, விளையாடுகிறவர் தானே பதில் சொல்ல வேண்டிய ஒரு கேள்வி. 'இந்த விளக்கின் கீழே நீங்கள் ஒருமுறை ஒரு பொருளைப் புதைத்தீர்கள். அது என்ன?' போன்ற கேள்வி. அந்த ஒரு பதிலில் பாத்திரம் அவருடையதாகிவிடும். வர்ணனையை 'நீங்கள்' என்றே எழுதுங்கள், ஆணா பெண்ணா என்பதை எடுத்தவர் முடிவு செய்துகொள்வார்.

டி அண்ட் டி என்றால் முதல் நிலைப் பாத்திரம், அதாவது இப்போதுதான் தொடங்கும் பாத்திரம், போதும். ஷீட்டில் அன்றைக்குத் தேவைப்படாத எண்களை எல்லாம் நீக்கிவிடுங்கள். மந்திரவாதிக்கு மூன்று மந்திரம், ஒவ்வொன்றும் ஒரு வரி.

## அன்றைய தினம்

கூடத்தில் ஆறு மேசை ஒரே நேரத்தில் பேசினால் இரைச்சல் தாங்காது, அதிலும் மின்விசிறிச் சத்தம் வேறு. மேசைகளுக்கு நடுவே குறைந்தது 2 மீட்டர் விடுங்கள். நீள மேசை என்றால் ஜிஎம் தலைமாட்டில் உட்காராமல் நீளப்பக்கத்தின் நடுவில் உட்காரட்டும். இல்லாவிட்டால் எதிர்முனையில் இருப்பவருக்கு ஒன்றும் கேட்காது, பத்தே நிமிடத்தில் அவர் ஆட்டத்தை விட்டுப் போய்விடுவார். பக்கத்தில் ஒரு வகுப்பறை கிடைத்தால் இரண்டு மேசைகளை அங்கே தள்ளிவிடுங்கள்.

நண்பர்கள் இருவரை ஒரே மேசையில் விடுங்கள், நால்வரைப் பிரித்துவிடுங்கள். தனியாக வந்தவருக்கு நண்பர் கூட்டத்தின் மேசையில் இடம் கொடுக்காதீர்கள். அங்கே அவர் விருந்தாளியாகிவிடுவார்.

எல்லோருக்கும் சேர்த்து மேடையிலிருந்து பேசுவது 3 நிமிடம். அதில் விதிகள் வேண்டாம். இவ்வளவு சொன்னால் போதும்: "உங்களுக்கு ஒரு பாத்திரம் தருவோம். ஜிஎம் சூழ்நிலையைச் சொல்வார், நீங்கள் என்ன செய்வீர்கள் என்று சொல்லுங்கள். விதி தெரியாவிட்டால் கவலையில்லை, தேவைப்படும்போது சொல்லித்தருவார். நடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, 'அவள் கதவைத் திறக்கிறாள்' என்று சொன்னாலும் சரி." அந்தக் கடைசி வரியை மறந்துவிடாதீர்கள். நாடகம் போட வேண்டுமோ என்று பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் கூட்டத்தில் நிறையப் பேர்.

10 மணிக்குத் தொடங்கினால் 10:20-க்குள் ஒவ்வொருவரும் ஒரு முடிவாவது எடுத்திருக்க வேண்டும், 10:30-க்குள் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது பகடை தொட்டிருக்க வேண்டும். அதனால் கதையைச் சத்திரத்திலோ சந்தையிலோ தொடங்காமல், தண்ணீர் முழங்காலுக்கு ஏறிக்கொண்டிருக்கும் பாதையின் நடுவில் தொடங்குங்கள். எல்லோரும் கடக்க வேண்டும், எல்லோரும் உருட்டுவார்கள், தோற்றால் நனைவதோடு சரி. விதிகள் அத்தனையும் அதற்குள் சொல்லியாகிவிடும்.

பேசாத ஒருவர் மேசையில் நிச்சயம் இருப்பார். "ஏன் பேச மாட்டேங்கிறீங்க?" என்று மட்டும் கேட்காதீர்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்: "கயிற்றைப் பிடிக்கிறீங்களா, விளக்கைப் பிடிக்கிறீங்களா?" இரண்டு மூன்று தடவை இப்படிப் போனால் மூன்றாவது வழி ஒன்றை அவரே சொல்வார். எல்லோருக்கும் பதில் சொல்லும் ஒருவரும் இருப்பார். அவரை அடக்க வேண்டாம். "சூப்பர் யோசனை, அதை மீனாகிட்ட சொல்றீங்க. மீனா, நீங்க ஒத்துக்கிறீங்களா?" என்று முடிவை உரியவரிடமே திருப்பிவிடுங்கள். எதற்கெடுத்தாலும் வெட்டுகிறேன் கொல்கிறேன் என்பவரிடம் "சரி, எதுக்காகக் கொல்றீங்க?" என்று கேளுங்கள், அவர் பாத்திரத்துக்கு ஒரு காரணம் கிடைக்கும் அல்லது கத்தி உறைக்குள் போகும். குழு இரண்டாகப் பிரிந்து போனால் விடுங்கள், ஆனால் ஒரு பக்கத்தில் 3 நிமிடத்துக்கு மேல் தங்காமல் மாற்றி மாற்றிக் காட்டுங்கள்.

## எல்லோரும் நிம்மதியாக விளையாட

முன்பின் தெரியாதவர்கள், வேறு வேறு வயதுக்காரர்கள் ஒரே மேசையில் உட்காருகிறார்கள். பாலியல் வன்முறை, குழந்தைகளைத் துன்புறுத்துவது, சாதி மத ஏளனம் ஆகிய மூன்றும் இன்று எந்த மேசையிலும் வராது என்று மேடையிலிருந்தே சொல்லிவிடுங்கள். அதோடு ஜான் ஸ்டாவ்ரோபூலோஸ் உருவாக்கிய எக்ஸ்-கார்டு முறையையும் வையுங்கள். ஒரு அட்டையில் பெருக்கல் குறி போட்டு மேசை நடுவில் வைப்பது, அவ்வளவுதான். கதையில் ஏதோ ஒன்று மனதை உறுத்தினால் யார் வேண்டுமானாலும் அதைத் தொடலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஜிஎம் அந்தப் பகுதியை விட்டுவிட்டு மேலே போவார். பாம்பு பயம் உள்ளவருக்குக்கூட இது உதவும். ஜிஎம் தானே முதலில் ஒருமுறை தொட்டுக் காட்டினால் மற்றவர்களுக்குத் தயக்கம் விலகும்.

## சண்டை வந்தால்

குறைவாக வையுங்கள். ஒவ்வொருவரும் உருட்டி வரிசை போடும் இனிஷியேட்டிவ் முறையை விட்டுவிட்டு, விளையாடுகிறவர்கள் எல்லோரும் முதலில், எதிரிகள் பிறகு என்று வையுங்கள். எதிரிகளின் அடிக்குப் பகடை உருட்டாமல் சராசரி எண்ணைச் சொல்லுங்கள். டி அண்ட் டி-யில் முதல் நிலை மந்திரவாதியின் உயிர்ப்புள்ளி, அதாவது அவர் எவ்வளவு அடி தாங்குவார் என்ற எண், 7 அல்லது 8 இருக்கும். காப்ளின் என்ற குட்டி அரக்கனின் கத்தி சராசரியாக 5 எடுக்கும். இரண்டு குத்தில் அவர் விழுந்துவிடுவார், விழுந்தவர் மீதி நேரம் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். 5 பேருக்கு எதிராக 3 காப்ளின் போதும், ஒன்று விழுந்ததும் மற்றவை ஓடட்டும்.

## மேசைகளை ஒன்றாகக் கோர்ப்பது

பெரிய கூட்டத்துக்கு மட்டுமே கிடைக்கும் ஒரு சந்தோஷம் உண்டு. அமெரிக்க கேம் மாநாடுகளில், டி அண்ட் டி-யின் அதிகாரபூர்வப் பொது ஆட்ட அமைப்பான அட்வென்ச்சரர்ஸ் லீக் 'எபிக்' என்ற பெயரில் இதைச் செய்கிறது: பல மேசைகள் ஒரே கதையின் வேறு வேறு மூலைகளை ஒரே நேரத்தில் ஆடும், ஒரு மேசையில் நடப்பது இன்னொன்றைப் பாதிக்கும்.

உங்கள் முதல் நிகழ்வில் இதை முயல வேண்டாம். ஆறு மேசையும் அதே சாகசத்தைத் தனித்தனியாக ஆடட்டும். கடைசியில் ஒவ்வொரு மேசையிலிருந்தும் ஒருவர் எழுந்து 'நாங்கள் ஏற்றினோம்', 'நாங்கள் ஏற்றவில்லை' என்று இரண்டு வரியில் சொல்லட்டும். அதற்கே கூடம் கொந்தளிக்கும்.

இரண்டாவது தடவை கோர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு மேசையையும் தீவின் வேறு இடத்தில் தொடங்குங்கள்: துறைமுகம், வடக்குக் கரை, சந்தை, குன்று, கோயில், கலங்கரை விளக்கம். 40 நிமிடத்துக்கு ஒருமுறை ஒருங்கிணைப்பாளர் மணியடித்து, ஒரு மேசை கண்டுபிடித்ததை எல்லோருக்கும் அறிவிக்க வேண்டும்: "வடக்குக் கரையில் உடைந்த படகு ஒன்று ஒதுங்கியிருக்கிறது, அதில் அந்தக் கப்பலின் கொடி!" இதற்காக ஒவ்வொரு ஜிஎம்மும் முக்கியமான கண்டுபிடிப்பை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி உங்களிடம் நீட்டினால் போதும். கடைசி 20 நிமிடம் எல்லோரும் கலங்கரை விளக்கத்தின் அடியில் கூடுகிறார்கள், அதாவது கூடத்தின் நடுவில் எழுந்து நிற்கிறார்கள். விளக்கை ஏற்றுவதா என்று 30 பேரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். துறைமுகத்துக்காரருக்குத் தெரிந்தது கோயில்காரருக்குத் தெரியாது. முதல் மணி நேரத்தில் வாய் திறக்காதவர்கள் அங்கே வாதாடுவதைப் பார்ப்பீர்கள்.

## ஜிஎம் ஒருவர்தான் இருக்கிறார் என்றால்

12 பேர் வரை ஒருவரால் முடியும், ஆனால் 12 பாத்திரமாக நடத்தக்கூடாது. மூன்று மூன்று பேராகப் பிரித்து, மூவருக்கும் சேர்த்து ஒரே பாத்திரம் கொடுங்கள். மூவரும் தங்களுக்குள் பேசி முடிவெடுப்பார்கள், ஒருவர் அறிவிப்பார். அறிவிப்பவர் ஒவ்வொரு முறையும் மாற வேண்டும். ஆரம்ப கால டி அண்ட் டி-யில் குழுவின் சார்பில் ஒருவர் பேசும் 'காலர்' முறை இருந்தது, அதன் வேறு வடிவம் இது. நீங்கள் ஒரு குழுவோடு பேசும்போது மற்ற மூன்று குழுக்களும் அடுத்த திட்டத்தை விவாதித்துக்கொண்டிருக்கும்; யாரும் சும்மா இருக்க மாட்டார்கள்.

இன்னொரு வழி, அவர்களையே ஒருவர் மேல் ஒருவர் மோதவிடுவது. 1969-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி 'பிரவுன்ஸ்டைன்' என்ற ஆட்டத்தை நடத்தினார். நெப்போலியன் காலத்துக் கற்பனை ஜெர்மன் ஊர் ஒன்று. மேயர், வங்கிக்காரர் என்று ஆளுக்கொரு பாத்திரம், ஆளுக்கொரு நோக்கம். அவர் திட்டமிட்ட ஒழுங்கு எதுவும் நிற்கவில்லை, ஆளாளுக்குக் கூடிக்கூடிச் சதி செய்தார்கள். ஆட்டம் குட்டிச்சுவராகிவிட்டது என்று அவர் நினைத்தார். வந்தவர்களோ மறுபடி எப்போது என்று கேட்டார்கள். அங்கே விளையாடிய டேவ் ஆர்னசன்தான் பின்னாளில் டி அண்ட் டி-யை உருவாக்கிய இருவரில் ஒருவர். ஆளுக்கொரு ரகசிய நோக்கத்தைச் சீட்டில் எழுதிக் கொடுத்து, ஊர்க்கூட்டம் ஒன்றைக் கூட்டிவிட்டால் 15 பேரை ஒருவரே நடத்தலாம். ஜிஎம்முக்கு நடுவர் வேலை மட்டும்தான்.

## முடிப்பதும் அடுத்த தடவையும்

முடிய 30 நிமிடம் இருக்கும்போது ஒருங்கிணைப்பாளர் அறிவிக்க வேண்டும். கதை எங்கே இருந்தாலும் ஜிஎம் கடைசிக் காட்சிக்குத் தாவிவிடட்டும்: "கப்பலின் விளக்கு தெரிகிறது." நடுவில் ஒரு தடையைத் தாண்டாமல் விட்டால் யாருக்கும் தெரியாது, முடிவில்லாமல் எழுந்து போனால் எல்லோருக்கும் தெரியும். கடைசி 5 நிமிடம் சுற்றிவந்து, "ஒரு வருஷம் கழிச்சு உங்க பாத்திரம் எங்க இருக்கு?" என்று ஒவ்வொருவரிடமும் ஒரு வரி கேளுங்கள்.

வீட்டுக்குப் போகும் முன்பே அடுத்த தேதியைச் சொல்லிவிடுங்கள். பிறகு வாட்ஸ்அப்பில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால் பாதிப் பேர் கரைந்துவிடுவார்கள். தொடர விரும்புகிறவர்கள் 10, 15 பேர் என்றால் பென் ராபின்ஸ் எழுதிப் பிரபலமாக்கிய 'வெஸ்ட் மார்ச்சஸ்' முறை பொருத்தமாக இருக்கும். நிரந்தரக் குழு கிடையாது. எந்த நாள், யார் யார், எந்தத் திசையில் போவது என்பதை விளையாடுகிறவர்களே கூடிப் பேசி ஜிஎம்மிடம் சொல்வார்கள். போனவர்கள் கண்டதைப் பொதுவான வரைபடத்தில் சேர்ப்பார்கள். இன்று ஒருவர் வரமுடியாவிட்டாலும் கதை நிற்காது.

ஒவ்வொரு மேசையிலும் கண்ணை விரித்துக் கேட்டுக்கொண்டிருந்த ஒருவரை ஜிஎம் அடையாளம் கண்டிருப்பார். சாகசத்தின் இரண்டு பக்கத் தாளில் கூடுதல் பிரதிகள் எடுத்து வைத்திருந்து, அவர் கிளம்பும்போது ஒன்றைக் கையில் கொடுங்கள், இரண்டு பகடையோடு. கதை ஏற்கெனவே தெரிந்தது என்பதால் அந்த வாரமே வீட்டில் நாலு பேருக்கு நடத்திப் பார்ப்பார். அடுத்த தடவை 40 பேர் வந்தால் ஜிஎம்மாக உட்கார வேண்டியவர்களும் அவர்கள்தான், அதனால் அடுத்த ஒத்திகை எப்போது என்பதையும் அப்போதே சொல்லி அனுப்புங்கள்.